பாட்டில் மஞ்சளாவதற்குள்

"வித்துட்டீங்க! வாயைத் திறந்து சொல்லுங்களேன், அந்தக் கான்ட்ராக்டருக்கு வித்துட்டோம்னு!"

"வார்த்தையை அளந்து பேசும்மா. இது ஆராய்ச்சி நிலையம், சந்தை இல்லை."

"சந்தையே தேவலை. அங்க கத்திரிக்காயைக் காட்டிட்டுக் கத்திரிக்காயைத்தான் குடுப்பாங்க. நீங்க எதைக் காட்டிட்டு எதை வெச்சிருக்கீங்க?"

முதல் குரல் தையல்காரியுடையது. இரண்டாவது குரல் டாக்டரம்மாவுடையது. தெருவில் பாதிப்பேர் ஜன்னலோரம் வந்து நின்றார்கள். மீதிப்பேருக்கு ஜன்னலே தேவைப்படவில்லை. குரல் அடுப்படி வரை வந்தது.

தையல்காரிக்கு மறுநாள் ஆபரேஷன். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல் சர்க்கரை தடாலென்று இறங்கும் ரகம். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், சுதாரித்துக்கொண்டு ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. தைத்துக்கொண்டே இருப்பாள், அடுத்த நொடி மெஷின் மேல் கிடப்பாள். ஒருமுறை ஊசி விரலோடு சேர்த்துத் தைத்துவிட்டது. இப்படிப்பட்டவளைத் தனியாக விட முடியுமா? வெளியூரில் கடை போட இடம் பார்த்து வைத்திருந்தும் போக முடியாமல் அண்ணன் வீட்டிலேயே கிடந்தாள். அண்ணன் அவள் அறைவாசலில் நாற்காலி போட்டுத் தூங்குவான். தூங்குவான் என்பது ஒரு பேச்சுக்குத்தான். அடிக்கடி எழுந்துபோய்த் தங்கையைத் தட்டி, "பேர் சொல்லு" என்பான். அவள் பேரைச் சொல்லிவிட்டுக் கூடவே இரண்டு வசவும் சொல்வாள். அவனுக்கு அதில் ஒரு நிம்மதி.

இந்த ஆபரேஷனுக்காகத்தான் அவள் அத்தனை நாள் காத்திருந்தாள். அன்று காலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது: அவள் உடம்பில் வைக்கவேண்டிய மணியைக் காணோம்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார் பம்பரம்.

நம் தெருவில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டிய ஒரே வீடு பம்பரத்துடையது. அந்த அம்மாள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் அந்தப் பேர். நாற்காலி போட்டால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார், இல்லாவிட்டால் அதைச் சுற்றி வருவார். வருகிற வேலையெல்லாம் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்பு. பையன் குடிப்பானா, சொன்ன வேலை நிஜமா, வேறெங்காவது மனசைக் கொடுத்திருக்கிறானா என்பதை வாசல்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார் என்று பேர். பின்னாலேயே வந்தவன் அவருடைய கொழுந்தன். நிலைப்படி இடிக்காமல் குனிந்துதான் எந்த வீட்டிலும் நுழைவான். தெரு அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்தது. கூப்பிட நீளம் என்று ஒட்டடை ஆக்கிவிட்டது.

"போலீஸ்கிட்ட போகாம என்னைக் கூப்பிட்டிருக்கீங்களே, டாக்டரம்மா?"

"போலீஸ் வந்தா அறைக்குப் பூட்டு போட்டுடுவாங்க. எனக்கு இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது திரும்பி வரணும்."

"எது? என்ன தொலைஞ்சுது?"

"உயிரோட இருக்கிற செல்லுங்க."

ஒட்டடை அண்ணியின் காதருகே குனிந்தான். "அண்ணி, நமக்கு இது ஒத்து வராது. நம்ம எல்லை காணாம போன பூனை வரைக்கும்தான்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். அன்று அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விபத்தில் இறந்த ஒருவரின் குடும்பம் அவருடைய கணையத்தைத் தானமாகக் கொடுத்திருந்தது. அதிலிருந்து, சர்க்கரையை அளந்து இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களை மட்டும் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அடுத்தவர் செல்லை உடம்பு சும்மா விடாது. ரத்தத்தில் இருக்கும் காவல் செல்கள் பாய்ந்து தின்றுவிடும். அவற்றை அடக்கி வைக்க ஆயுசு முழுக்க மருந்து சாப்பிட வேண்டும். தையல்காரிக்கு முன்பு காசநோய் வந்து போயிருந்தது. காவலை அடக்கினால் அது மறுபடி தலையெடுக்கும். ஆகவே அந்த மருந்து அவளுக்குக் கூடாது.

"அதனால ஒவ்வொரு கூட்டத்தையும் கடல்பாசியில இருந்து எடுத்த ஜெல்லுக்குள்ள வெச்சு மூடிட்டோம். கடுகு சைஸுல மணி மணியா இருக்கும். சர்க்கரை உள்ள போகும், இன்சுலின் வெளிய வரும். காவல் செல் மட்டும் நுழைய முடியாது."

"கொசுவலை" என்றான் ஒட்டடை. "காத்து வரும், கொசு வராது."

டாக்டரம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். தையல்காரி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"சரி, பாட்டில் எங்க இருந்துச்சு?"

உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே தட்டையான பாட்டில்கள் படுத்திருந்தன. நடுவில் இருந்ததில் தையல்காரியின் பேர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரின் ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ரோஜா நிறத் திரவம். அடியில் கசகசாவைத் தூவியது போலப் பொடிப்பொடியாக ஏதோ.

"நேத்து கடுகா இருந்துச்சு. இன்னிக்கு வந்து பார்த்தா கசகசாவா இருக்கு. சந்தேகப்பட்டு சாயம் போட்டுப் பார்த்தேன். உள்ள செல் இருந்தா சிவக்கணும். சிவக்கலை. வெறும் ஜெல். யாரோ பக்கத்துல இருந்த மணி இல்லாத பாட்டில்ல இந்தக் குப்பையைக் கொட்டி, ஸ்டிக்கரை உரிச்சு மாத்தி ஒட்டியிருக்காங்க."

பம்பரம் ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினார். வழுக்கிக்கொண்டு ஓடியது. "இது பூச்சாடியில, மீன்தொட்டியில எல்லாம் அழகுக்குப் போடுவாங்களே, தண்ணில ஊறிப் பெருக்கிற ஜெல் மணி. அதுல பொடி ரகம். ஊறினா பெருக்கத்தானே வேணும்? சுருங்கினது எப்படி?"

"இந்தத் திரவத்துல உப்பு உண்டு, ரத்தத்துல இருக்கிற மாதிரி. வெறும் தண்ணில ஊறினதை எடுத்து உப்புக்குள்ள போட்டா அது தண்ணியைக் கக்கிட்டுச் சுருங்கும்."

"உங்க ஆளுங்களுக்கு இது தெரியுமா?"

"முதல் வாரமே தெரிஞ்சுக்குவாங்க. இங்க யாரும் வெறும் தண்ணியைக் கையாலகூடத் தொட மாட்டாங்க."

"அப்ப உங்க ஆளுங்க எடுக்கலை" என்று பம்பரம் பெட்டியைச் சுற்றி வந்தார். "அவங்க எடுத்திருந்தா உப்புத்தண்ணில ஊற வெச்சு, கடுகு கடுகாவே இருக்கிற மாதிரி பார்த்திருப்பாங்க. இது குழாய்த் தண்ணி புத்தி. வெளியாள்."

"அதைத்தானே நானும் சொல்றேன்!" தையல்காரி மேசையைத் தட்டினாள். "கான்ட்ராக்டர் வெளியாள்தானே? அவருக்கும் சர்க்கரை. வாரம் தவறாம இங்க வர்றார். எதுக்கு வர்றார்னு கேளுங்க!"

பம்பரம் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "எதுக்கு வர்றார்?"

டாக்டரம்மாவின் காது சிவந்தது. சாயம் போட்ட செல்கூட அவ்வளவு சிவந்திருக்காது. "அது என் சொந்த விஷயம். மணிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

"ஓஹோ" என்றான் ஒட்டடை. அவன் 'ஓஹோ' சொன்னால் ஒரு ஆள் மேல் குற்றப்பத்திரிகை தயார் என்று பொருள்.

"பாட்டிலைத் தேடறவங்க ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும்" என்று டாக்டரம்மா பேச்சை மாற்றினார். "அந்த ரோஜாத் திரவம்தான் அதுங்களுக்குச் சாப்பாடு. சாப்பிடச் சாப்பிட ஆரஞ்சாகும், அப்புறம் மஞ்சளாகும். நல்லா மஞ்சளாயிட்டா சாப்பாடு தீர்ந்துபோச்சு, கழிவு சேர்ந்துபோச்சுன்னு அர்த்தம். பொழுது சாயறதுக்குள்ள மாத்திடணும். அதையும் இங்க, கிருமி இல்லாத காத்துலதான் மாத்தணும். வெளிய எங்கயாவது யாராவது மூடியைத் திறந்தாங்கன்னா அவ்வளவுதான். அப்புறம் அதை நான் யார் உடம்புலயும் வைக்க மாட்டேன்."

தையல்காரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பம்பரம் கதவு வரை போய்த் திரும்பினார். "ஆமா, உன் அண்ணன் எங்க? உன்னை ஒரு ஊசி போடக்கூடத் தனியா அனுப்ப மாட்டானே?"

"அவனோட மீன்தொட்டிக் கடையில. புது மீன் வந்திருக்காம். விட்டுட்டு வர முடியாதாம்."

"ம்" என்றார் பம்பரம்.

வெளியே வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பம்பரம் நடக்கவில்லை, ஓடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு, அதில் போனார். ஒட்டடையின் நீளக் கால்களே அவருக்கு ஈடுகொடுக்கத் திணறின.

"அண்ணி, எனக்கென்னவோ டாக்டரம்மா மேலயே சந்தேகம். காது ஏன் சிவக்கணும்?"

"காதை வெச்சு யாரையும் பிடிக்க முடியாது. வாசல்ல கேப்போம்."

வாசல் காவலாளி மீசையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தார். தன்னைத் தாண்டி ஈ கூடப் போகாது என்பது அவர் வாதம். ஈக்கள் அவர் மேசைமேல் இருந்த டீக்கிளாஸைச் சுற்றி நிம்மதியாகப் பறந்துகொண்டிருந்தன.

"நேத்து யார் யார் வந்தாங்கண்ணே?"

"சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்தார். கையில பூங்கொத்து. அப்புறம் தபால்காரர், வாசலோட சரி. மாடியில, அந்தப் பெட்டி இருக்கிற அறையை ஒட்டி, டாக்டரம்மா ரூம்ல மீன்தொட்டி இருக்கில்ல, அதைக் கழுவ நம்ம தையல்காரியோட அண்ணன் வந்தான். வேற யாரும் இல்லை."

"போகும்போது சோதனை போட்டீங்களா?"

"என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! கான்ட்ராக்டர் வெறுங்கையோட போனார். மீன்காரன் வாளியில கையையே விட்டுப் பார்த்தேன். பாசி பிடிச்ச தண்ணி, பச்சையா, அடி தெரியலை. ஆனா ஒண்ணு சொல்லணும், நேத்து மழைக் குளிருக்குக் கையை எடுக்கவே மனசு வரலை."

"உங்க உத்தியோகத்துல இருக்கிற ஒரே சுகம் அதுதான் போல" என்றான் ஒட்டடை.

"சுகமா? காலையில இருந்து மூணு பேர் வந்து என்னைத் திருடன்ற மாதிரியே பார்த்துட்டுப் போறாங்க!"

அவருடைய புலம்பலை முடிக்க விடாமல் பம்பரம் தெருவைக் கடந்துவிட்டார். கான்ட்ராக்டரைப் பற்றி விசாரிக்க மருந்துக்கடையைவிட நல்ல இடம் கிடையாது. யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு என்ன மனக்கஷ்டம், எல்லாம் மருந்துக்கடைக்காரரிடம் இருக்கும். மாத்திரைக்கு விலை உண்டு, மற்றது இலவசம்.

"கான்ட்ராக்டரா?" என்று மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் எதிர்க்கடைக்கும் கேட்கும். "இப்ப கொஞ்ச நாளா ஆளே மாறிட்டார். தலைக்கு மை அடிக்கிறார். சர்க்கரை பார்க்கிற பட்டை வாங்கிட்டுப் போறார். சட்டை மடிப்பு கலையாம ஆராய்ச்சி நிலையத்துக்குப் போறார். ரெண்டும் ரெண்டும் நாலு! அந்த முதல் மணி அவருக்குத்தான். தையல்காரி பேரு சும்மா வெளிப்பார்வைக்கு."

"இதை உங்ககிட்ட யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கண்ணு இருக்கில்ல?"

"நீங்க யார் யார்கிட்ட சொன்னீங்க?"

மருந்துக்கடைக்காரர் முகத்தில் அடிபட்ட பாவம். "நான் ஏங்க சொல்றேன்? வர்றவங்க கேப்பாங்க, நான் இல்லைன்னு மறுக்க மாட்டேன், அவ்வளவுதான். முந்தாநாள் தையல்காரியோட அண்ணன் வந்தான். தங்கச்சிக்கு மருந்து வாங்க. பாவம், அவன்கிட்ட மட்டும் மனசு கேக்காம சொன்னேன். பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காம போயிட்டான்."

பம்பரம் கடையை விட்டு இறங்கினார். நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள் மணியடித்தது, திட்டியது, சுற்றிக்கொண்டு போனது.

"தம்பி, மீனை வெந்நீர்ல போட்டா என்ன ஆகும்?"

"சாப்பாடு ஆகும், அண்ணி."

"மீன்தொட்டி கழுவ வந்தவன் வாளியில கையை விட்டா, அதுவும் மழை நாள்ல, எப்படி இருக்கணும்?"

"ஜில்லுன்னு..." ஒட்டடையின் வாய் திறந்தபடி நின்றது. "காவல்கார அண்ணே கையை எடுக்கவே மனசு வரலைன்னாரே!"

"தண்ணியை உடம்புச் சூட்டுல வெச்சு, அடியில பாட்டிலைக் கல்லு போட்டு அமுக்கியிருக்கான். இவர் மேலாக்கக் கையை விட்டுக் குளிர்காய்ஞ்சிட்டு அனுப்பிட்டார். ஜெல் மணி எங்க விக்கும்? மீன்தொட்டிக் கடையில. குழாய்த் தண்ணியில ஊற வைக்கிற புத்தி யாருக்கு வரும்? நல்ல தண்ணி மீன் வளர்க்கிறவனுக்கு. அவன் கைக்குப் பழக்கம் அது ஒண்ணுதான்."

"ஆனா அவனோட தங்கச்சிக்கே வைக்கப் போறதை அவனே எதுக்கு..."

"ஓடிட்டே கேளு. டாக்டரம்மாவுக்குப் போன் போடு. அந்தக் கான்ட்ராக்டரையும் வரச் சொல்லு!"

மீன்கடை தெருமுனையில் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. புது மீன் வந்த கடை பட்டப்பகலில் சாத்தியிருக்குமா? பம்பரம் தட்டவில்லை. தள்ளினார்.

உள்ளே இருட்டில் தொட்டிகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன. குமிழ்கள் ஓயாமல் கொப்பளித்தன. சிவப்பும் கறுப்புமாக மீன்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தன. வரிசையின் கடைசியில் ஒரு தொட்டிக் கண்ணாடி மட்டும் வேர்த்து, நீர்ச்சொட்டு கீழிறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மீன்கூட இல்லை. தண்ணீரின்மேல் ஒரு தட்டைப் பாட்டில் மிதந்தது. மிதந்தது என்றால், சற்றுமுன்வரை. இப்போது அது தையல்காரியின் அண்ணன் கையில் இருந்தது.

சிவந்த கண்ணோடு அவன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். திரவம் ஆரஞ்சைத் தாண்டி மஞ்சளை நெருங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு குவளையில் தெளிந்த தண்ணீர், ஒரு ரப்பர்க் குழாய். கை மூடியின்மேல் இருந்தது.

"திறக்காதே!"

திடுக்கிட்டுத் திரும்பினான். "அழுக்காயிடுச்சுக்கா. ராத்திரி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில இருந்து நிறம் மாறிட்டே போகுது. எல்லாத்தையும் மாத்த மாட்டேன், மூணுல ஒரு பங்கு மட்டும். அப்படி மாத்தினா எந்த மீனும் சாகாது. எனக்குத் தெரியும்."

"மீனுக்குச் சரி. இது மீன் இல்லைப்பா."

"அழுக்குத் தண்ணியில எது பிழைக்கும்?" அவன் விரல்கள் மூடியை இறுக்கின. "நான் கண்ணு மூடலை. சூடு ஏறவும் விடலை, இறங்கவும் விடலை. காத்து வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்களேன்னு ஊதுகுழாயும் விட்டிருக்கேன். இப்ப இது செத்துட்டா..."

"பாட்டிலுக்கு வெளிய ஊதினா உள்ள எப்படிப் போகும்?" என்று ஒட்டடை ஆரம்பித்தான். அண்ணியின் முழங்கை விலாவில் பட்டதும் நிறுத்தினான்.

பம்பரம் ஒவ்வொரு தொட்டியாகக் கடந்து, பேசிக்கொண்டே போனார். "இதோ பாரு. அந்த அறையில உன் ஜெல் மணி கிடக்கே, அந்த பாட்டில் இன்னும் ரோஜாவா இருக்கு. ஏன் தெரியுமா? அதுல சாப்பிட ஆள் இல்லை. இது மஞ்சளாச்சுன்னா உள்ள இருக்கிறது சாப்பிட்டிருக்கு. பசியோட இருக்கு. உயிரோட இருக்கு. நீ மூடியைத் திறந்தா, இத்தனை நேரம் காப்பாத்தினதை நீயே கொன்னுடுவே."

அவன் பாட்டிலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். மூடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. பம்பரம் பாட்டிலை வாங்கவில்லை. அவன் கையோடு சேர்த்துப் பிடித்து மறுபடி வெந்நீரில் மிதக்கவிட்டார். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடா கிழியாமல் இருந்தது.

டாக்டரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கூடவே தையல்காரி. பின்னாலேயே தலையில் மஞ்சள் தொப்பியும் சட்டையெல்லாம் சிமென்டுமாகக் கான்ட்ராக்டர். ஒரு குட்டிக் கடைக்குள் ஆறு பேர். மீன்கள் எல்லாம் மறுமூலைக்கு ஒதுங்கின.

டாக்டரம்மா நாடாவைத் தடவிப் பார்த்தார், தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார். "உடம்புச் சூடு. அப்படியே இருக்கு. யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"நீங்கதான். என் தங்கச்சிக்கு விளக்கும்போது நானும் கேட்டேனே." பிறகு அவன் குரல் உயர்ந்தது. "ஆனா கடைசியில இவருக்கு வைக்கிறதா முடிவு பண்ணிட்டீங்க! அதனாலதான் எடுத்தேன். நாளைக்கு என் தங்கச்சியை மேசையில படுக்க வெச்ச பிறகு நானே கொண்டாந்து குடுத்திருப்பேன். வேற யாரு படுத்தாலும் குடுத்திருக்க மாட்டேன்!"

கான்ட்ராக்டர் தொப்பியைக் கழற்றினார். "எனக்கா? எனக்கு எதுக்கு? நான் ரெண்டு மாத்திரையில ஓடிட்டிருக்கேன். இவங்க அதையும் ஒண்ணாக் குறைக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"அப்ப வாரா வாரம் எதுக்குப் போனீங்க?" என்றாள் தையல்காரி. "பூவைத் தூக்கிட்டு!"

கான்ட்ராக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா ஒரு கறுப்பு மீனைப் பார்த்தார். அந்த மீனில் அப்படி என்ன இருந்ததோ, கண்ணை எடுக்கவில்லை.

"பூவை எதுக்குங்க குடுப்பாங்க?" என்றார் கான்ட்ராக்டர், சின்னப் பிள்ளை மாதிரி. "நானும் தனி ஆள். அவங்களும் தனி ஆள். கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. ஆபரேஷன் முடியட்டும்னாங்க. ஊருக்குத் தெரிய வேணாம்னாங்க."



பம்பரம் கையை நீட்டித் துழாவி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளியைக் கண்டுபிடித்து, அதன்மேல் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். ஒட்டடை ஒருவன்தான் அதன் கனத்தைப் புரிந்துகொண்டான்.

"தலைக்கு மை, மடிப்புச் சட்டை, பூங்கொத்து, சிவந்த காது" என்று அவன் விரல்விட்டு எண்ணினான். "ஏன் அண்ணி, ஆயுசு முழுக்க மாப்பிள்ளை விசாரிச்சீங்களே, எதிர்ல நின்ன மாப்பிள்ளையை மட்டும் எப்படி விட்டீங்க?"

"வாயை மூடுடா" என்றார் பம்பரம், பலவீனமாக.

தையல்காரி சிரிக்கவில்லை. நேராக அண்ணனிடம் போனாள். நாங்கள் எதிர்பார்த்தது கத்தலை. கதவுக்கு வெளியே அதற்குள் ஒரு பத்துப் பேர் சேர்ந்துவிட்டதால் நாங்கள் என்றே சொல்லலாம். ஆனால் அவள் குரல் அடங்கித்தான் வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ தூங்கிட்டிருந்தே."

"ஆமா. நான் எப்பவும் தூங்கிட்டிருக்கேன், நீ எப்பவும் முழிச்சிட்டிருக்கே. என் சர்க்கரைக்கும் நீதான் முழிச்சிருக்கே, என் பயத்துக்கும் நீதான் பயப்படறே. இப்ப என் வைத்தியத்தையும் நீயே எடுத்துட்டுப் போயி தொட்டியில போட்டு வளர்க்கறே. எனக்குன்னு என்னண்ணா மிச்சம் வெச்சே?"

அண்ணன் ரப்பர்க் குழாயைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"வெளிய போன பாட்டில் உள்ள வரக்கூடாது, அதுதான் எங்க விதி" என்றார் டாக்டரம்மா. "ஆனா மூடி திறக்கலை. அதனால கொஞ்சம் எடுத்துச் சோதிச்சுப் பார்க்கலாம். கிருமி இல்லைன்னா, செல் சிவந்து காட்டுச்சுன்னா, எங்க குழு முன்னாடி வைக்கிறேன். அவங்க சரின்னாலும் முடிவு இவளோடது. அண்ணன் கையெழுத்து எனக்கு வேண்டாம்."

"சோதிங்க" என்றாள் தையல்காரி. "நான் உங்களோடவே வர்றேன். நீ வராதே."

கடைசி இரண்டு சொல் அண்ணனுக்கு. பாட்டிலைச் சூடு குறையாமல் வாளி வெந்நீரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் காவலாளி இந்த முறை கையைச் சும்மா வைத்துக்கொண்டாராம்.

அதன்பிறகு நடந்ததைத் தெரு வேறு வேறு மாதிரி சொல்லும். நடந்தது இதுதான். சாயம் போட்ட செல் சிவந்தது. கிருமி எதுவும் முளைக்கவில்லை. குழுவில் பெரிய ரகளை; ஒருவர் மேசையை விட்டு எழுந்துபோய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தாராம். கடைசியில் தையல்காரி கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் தேதியை அண்ணனுக்குச் சொல்லவே இல்லை. முடிந்து வார்டுக்கு வந்தபிறகு போன் பண்ணி, "நான் நல்லா இருக்கேன், வரும்போது சீப்பு கொண்டா" என்றாளாம்.

அவளுக்கு இன்சுலின் ஊசி முழுக்க நிற்கவில்லை. பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் முன்போல மெஷின்மேல் விழுவது நின்றுவிட்டது. அந்த ஜெல் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்டால், தனக்கே தெரியாது என்று டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிடுவார். அண்ணன்மேல் புகார் கொடுப்பதாக இரண்டு நாள் மிரட்டிவிட்டு, தன் அறைத் தொட்டியை வேறு ஆளிடம் கழுவக் கொடுத்ததோடு விட்டுவிட்டார்.

டாக்டரம்மாவும் கான்ட்ராக்டரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், பதிவு அலுவலகத்தில், வேலை நாளில், சாப்பாட்டு இடைவேளையில். தெருவில் யாருக்கும் அழைப்பு இல்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாளில் கடையை மகளிடம் விட்டுவிட்டு அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். அங்கே யாருக்கு என்ன நோயோ, பாவம். மீன்கடை அண்ணனுக்கும் கல்யாணத்துக்கு ஒரு இடம் கூடிவந்தது. பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது, பையன் திருடியதை ஒளிக்காமல் சொன்ன பம்பரம், "ஆனா ஆறவிடாம வெச்சிருந்தான்" என்று சேர்த்துக்கொண்டாராம். அந்தப் பெண் அதைக் கேட்டுத்தான் சரியென்றாள் என்கிறார்கள்.

தையல்காரி அந்தக் கல்யாணத்துக்கு நின்று, மணப்பெண்ணின் ரவிக்கையைத் தானே தைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் வெளியூர் போனாள். பார்த்து வைத்திருந்த அதே கடையை எடுத்திருக்கிறாள். கீழே கடை, மேலே ஒற்றை அறை, தனியாக இருக்கிறாள். எப்போதாவது இங்கே வருவாள். அண்ணன் பெண்டாட்டி எத்தனை சொன்னாலும் ராத்திரி தங்கமாட்டாள்; தங்கினால் அறைவாசலில் மறுபடி அந்த நாற்காலி வந்துவிடும் என்பாள். மாலை வண்டி வருவதற்கு ரொம்ப முன்பே நிறுத்தத்துக்குப் போய், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.